யுகப் பேரெண்ணும் திருக்கோயிற் பஞ்சாங்கமும்

திருக்குடமுழுக்கு விழாவின் கிரியைகள் சங்கற்பத்தோடு தொடங்குகின்றன. இன்ன கற்பத்தில், இன்ன மன்வந்தரத்தில், இருபத்தெட்டாம் சதுர்யுகத்தில், கலியுகத்தின் முதற்பாதத்தில், இன்ன ஆண்டு, இன்ன திங்கள், இன்ன திதி, இன்ன நட்சத்திரம் கூடிய நன்னாளில் இச்செயல் இயற்றப்பெறுகின்றது எனச் சிவாசாரியர் மொழிவர். அன்பர்கள் கைகூப்பிக் கேட்டு நிற்பர். கோடிக்கணக்கான ஆண்டுகளைக் கடந்து வரும் அக்கணக்கு, முடிவில் ஒரு காலைப்பொழுதின் ஒரு நாழிகையில் வந்து நிற்கின்றது. அவ்வருமையை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கற்பக் கணக்கு வேறு, பஞ்சாங்கக் கணக்கு வேறு என்று கருதுவார் உளர். முன்னது வியப்புக்கென்றும் பின்னது பயனுக்கென்றும் அவர் நினைப்பர். உண்மை அஃதன்று. இரண்டும் ஒரே கயிற்றின் இரு தலைகள். அக்கயிற்றைத் திரித்தவர் நம் நாட்டுக் கணித மேதைகள். அதற்குப் பஞ்சாக அமைந்தது ஒரு பேரெண். அவ்வெண்ணின் இயல்பும், அதன் வழியே திருக்கோயில்களின் நாட்கணக்கு நடைபெற்று வந்த வரலாறும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப்பெறும்.

அடையாற்றின் தென்கரையில் அமைந்த கோட்டூர்புரத்திற்கும் இவ்வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. 1988-ஆம் ஆண்டில் இப்பகுதியில் பிர்லா கோளரங்கம் திறக்கப்பெற்றது. ஊரை அடுத்த கிண்டியில் விளங்கும் பொறியியற் கல்லூரி, 1794-இல் தோன்றிய நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. ஆற்றின் வடபால் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் இக்கணக்கின் வரலாற்றில் முதன்மையான சில செயல்கள் நிகழ்ந்துள்ளன. அவை உரிய இடங்களிற் சொல்லப்பெறும்.

எண்ணின் அமைப்பு

கிருதயுகம் 17,28,000 ஆண்டு, திரேதாயுகம் 12,96,000, துவாபரம் 8,64,000, கலி 4,32,000. இவை நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்னும் அளவில் இறங்கி வருகின்றன. நான்கும் கூடிய தொகை 43,20,000. இதுவே மகாயுகம் அல்லது சதுர்யுகம் எனப்படுவது.

இவ்வெண்ணைக் கூறுபடுத்திக் காண்க. இரண்டை எட்டு முறையும், மூன்றை மும்முறையும், ஐந்தை நான்கு முறையும் எடுத்து ஒருங்கே பெருக்கினால் 43,20,000 கிடைக்கும். இம்மூன்றையன்றி வேறு பகா எண் எதுவும் இதனுள் இல்லை. இதனை மீதியின்றி வகுக்க வல்ல எண்கள், ஒன்றும் தானும் உட்பட, 180. ஆகவே பாதியாகவும், மூன்றில் ஒன்றாகவும், அறுபதில் ஒன்றாகவும், முந்நூற்றறுபதில் ஒன்றாகவும் இதனைப் பின்னமின்றிப் பகிரலாம். காலக்கணக்கு முழுவதும் பகிர்தலே. ஆதலின் பகிர்தற்கு எளிய எண்ணை முன்னோர் தேர்ந்தனர் என்க.

அறுபதை மும்முறை பெருக்கின் 2,16,000 ஆகும். அதன் இருமடங்கு கலியுக ஆண்டுகள். இருபது மடங்கு சதுர்யுக ஆண்டுகள். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு அறுபது விநாழிகை. ஒரு விநாழிகைக்கு ஆறு பிராணன், அஃதாவது ஆறு மூச்சு. எனவே ஒரு நாளின் மூச்சுக்கள் 21,600. வானவட்டத்தின் 360 பாகைகளைக் கலைகளாக்கினாலும் அதே 21,600 வரும். தில்லைச் சிற்சபையின் பொன்னோடுகள் 21,600 என்னும் மரபும் அன்பர் அறிந்ததே. அவ்வெண்ணின் இருநூறு மடங்கே 43,20,000. மனிதன் மூச்சும், வானத்தின் வட்டமும், யுகத்தின் நீளமும் ஒரே அளவுகோலால் அளக்கப்பெற்றன.

இவ்வகை எண்கள் நம் நாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. பாபிலோனியாவில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரோசசு என்னும் குருக்கள், பெருவெள்ளத்துக்கு முன் ஆண்ட மன்னர்களின் காலம் 4,32,000 ஆண்டு என எழுதினார். அறுபதை அடியாகக் கொண்டு எண்ணிய நாடு அது. கணக்கறிவு மலையும் கடலும் கடந்து சென்றும் வந்தும் வளர்ந்த ஒன்று என்பதற்கு இஃது ஓர் அடையாளம்.

கற்பத்தின் அமைப்பும் நோக்கத்தக்கது. கற்பம் ஆயிரம் சதுர்யுகம் என்பது பெருவழக்கு. அதனுள் மனுக்கள் பதினால்வர். ஒவ்வொருவர்க்கும் 71 சதுர்யுகம். இவை கூடினால் 994 ஆகும்; ஆயிரத்துக்கு ஆறு குறையும். இக்குறையை நிரப்பச் சூரிய சித்தாந்தம் பதினைந்து சந்திகளை வைத்தது. ஒவ்வொரு சந்தியும் ஒரு கிருதயுக அளவு. 17,28,000-ஐப் பதினைந்தால் பெருக்கினால், சதுர்யுகம் ஆறுக்குச் சரியாக வருகின்றது.

ஆரியபடர் செய்த துணிவு

பிறப்பினின்றும் இருபத்து மூன்றாம் ஆண்டில், கலியுகம் 3,600 ஆண்டு கழிந்த காலத்தில், ஆரியபடர் தம் கணக்கை நிறுவினார். அது கி.பி. 499. ஆண்டுகளின் தொகையாகிய 43,20,000-ஐ அவர் மாற்றவில்லை. ஆனால் அவ்வாண்டுகளில் அடங்கும் நாட்கள் எத்தனை என்னும் வினாவுக்கு விடையாக 157,79,17,500 என்னும் எண்ணை வைத்தார். பஞ்சாங்கத்தின் மூலமாக விளங்கும் பேரெண் இதுவே.

முதல் எண் மரபால் வந்தது. இரண்டாம் எண் கண்ணால் வந்தது. ஆண்டின் தொகையை மிருதி நூல்கள் கூறும். அவ்வாண்டுகளில் எத்தனை முறை கதிரவன் தோன்றி மறைந்தான் என்பதை வானைப் பார்த்தவனே கூற இயலும். இவ்விரண்டு எண்களின் உறவில் இவ்வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது.

இரண்டையும் பொதுவாக வகுக்கும் மிகப் பெரிய எண் 7,500. அதனால் வகுத்தால் 157,79,17,500 என்பது 2,10,389 ஆகவும், 43,20,000 என்பது 576 ஆகவும் சுருங்கும். இவ்விரண்டிற்கும் வேறு பொதுக்காரணி இல்லை. எனவே 576 ஆண்டுகளில் சரியாக 2,10,389 நாட்கள் என்பது ஆரியபடர் கணக்கின் உட்பொருள். ஓராண்டுக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இக்காலக் கடிகார அளவில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. கோடிகளாகக் கூறிய எண்ணின் உள்ளே இவ்வளவு நுண்ணிய பின்னம் மறைந்து நிற்கின்றது. பின்னங்களை எழுதிப் பெருக்குவதை விட முழு எண்களைப் பெருக்குவது எளிது. பிழை புகுதற்கு இடம் குறைவு. யுகத்தின் நீளம் பயன்பட்டது இதற்கே.

மற்றைய ஆசிரியர்கள் இவ்வெண்ணைச் சற்று மாற்றினர். பிரமகுத்தர் 628-இல் இயற்றிய நூலின்படி சதுர்யுகத்துக்கு 157,79,16,450 நாட்கள். வழங்கும் சூரிய சித்தாந்தத்தின்படி 157,79,17,828. ஆரியபடருக்கும் சூரிய சித்தாந்தத்துக்கும் உள்ள வேறுபாடு 328 நாட்கள். ஓராண்டுக்கு ஏழு விநாடியிலும் குறைவு. ஆயினும் அவ்வேழு விநாடிக்காக முன்னோர் வாதிட்டனர். 43,20,000-ஐ மாற்றத் துணியாதவரும் நாட்டொகையை மாற்றத் தயங்கவில்லை என்பது கருதத்தக்கது.

ஆரியபடர் வேறொரு துணிவும் செய்தார். யுகங்களை நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று இறக்காமல், சதுர்யுகத்தை 10,80,000 ஆண்டுகள் கொண்ட நான்கு சமபாகங்களாக்கினார். மனுவுக்கு 72 சதுர்யுகம், கற்பத்துக்கு 1008 சதுர்யுகம் என்றும் கொண்டார். 1008 ஏழால் வகுபடும் எண். ஆகவே ஒவ்வொரு கற்பமும் ஒரே கிழமையில் தொடங்கும். அவர் கூற்றுப்படி கற்பம் தொடங்கியது வியாழக்கிழமை. கலி தொடங்கியது வெள்ளிக்கிழமை. இடைப்பட்ட நாட்களைப் பெருக்கி ஏழால் வகுத்தால் மீதி ஒன்றே வருதலின் அக்கூற்று ஒத்து வருகின்றது. மிருதியின் யுகப்பகுப்பை அவர் விட்டது தவறு எனப் பிரமகுத்தர் கடிந்துரைத்தார். கடிந்தவரும் பெரியர், கடியப்பெற்றவரும் பெரியர். இருவரையும் நம் நாடு போற்றியது.

மீதியே பயன்

பேரெண்ணைக் கூறுவதால் மட்டும் பயனில்லை. அதனை வகுத்துப் பெறும் மீதியே பயன் தருவது. இன்று என்ன கிழமை என்பது ஏழால் வகுத்த மீதி; என்ன திதி என்பது திங்களின் சுழற்சியில் நின்ற மீதி. பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புக்களும் மீதிகளே.

கலி தொடங்கிய நாள், கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. அன்று முதல் கழிந்த நாட்களின் தொகை கலியுக நாள் அல்லது அகர்கணம் எனப்படும். அன்பர் அனைவரும் அறிந்த ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். பாரத நாடு விடுதலை எய்திய 1947 ஆகஸ்டு 15-இல் கழிந்திருந்த கலிநாட்கள் 18,43,947. இதனை ஏழால் வகுத்தால் ஈவு 2,63,421, மீதி இல்லை. மீதி இன்மையின் தொடங்கிய கிழமையே வரவேண்டும். அன்று வெள்ளிக்கிழமை.

இனிச் சந்திரனைக் காண்போம். தமிழ்நாட்டுக் கணிதர் கைக்கொண்ட வாக்கிய கரணம் என்னும் நூல், கலிநாளிலிருந்து 16,00,984-ஐக் கழிக்கச் சொல்லும். அவ்வெண் 1282 மே 22-ஆம் நாளைக் குறிப்பது. கழித்தால் நிற்பது 2,42,963. அதனை 12,372-ஆல் வகுத்தால் ஈவு 19, மீதி 7,895. அம்மீதியை 3,031-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 1,833. அதனை 248-ஆல் வகுத்தால் ஈவு 7, மீதி 97. இந்த 97-ஆம் எண்ணுக்குரிய சந்திர வாக்கியத்தை எடுத்து, மூன்று ஈவுகளுக்கும் உரிய துருவங்களைக் கூட்டினால், சந்திரன் கடக ராசியில் பூச நட்சத்திரத்தில் நிற்பது தெரியும். விடுதலை நாளின் நட்சத்திரம் பூசமே.

இவ்வெண்களின் காரணம் யாது? சந்திரன் பூமிக்குச் சேய்மையான நிலையிலிருந்து புறப்பட்டு மீண்டும் அந்நிலையை எய்த இருபத்தேழரை நாளுக்குச் சற்று மிகுதியாகும். அத்தகைய ஒன்பது சுழற்சிகள் ஏறத்தாழ 248 நாள். அதில் நிற்கும் சிறு வழுவைக் குறைக்க 110 சுழற்சிகளுக்கு 3,031 நாள். யுகக்கணக்கோடு இன்னும் நெருங்க 449 சுழற்சிகளுக்கு 12,372 நாள். மூன்றெண்களும் தம்முள் உறவுடையன. 248-இன் பன்னிரு மடங்கோடு 55-ஐக் கூட்டின் 3,031. 3,031-இன் நான்மடங்கோடு 248-ஐக் கூட்டின் 12,372. அவ்வாறே சுழற்சிகளிலும் 110-இன் நான்மடங்கோடு ஒன்பதைக் கூட்டின் 449 வரும். முன்னைய எண்ணின் மேல் பின்னைய எண் படிப்படியாக ஏறி உண்மையை அணுகுகின்றது. இவற்றுள் 248-உம் 3,031-உம் எகிப்து நாட்டில் கிடைத்த கிரேக்க ஏட்டிலும் காணப்படுகின்றன.

இருநூற்று நாற்பத்தெட்டு நாட்களுக்கும் ஒவ்வொரு தொடர் உண்டு. அவற்றை இயற்றியவர் வரருசி என்பது மரபு. கடபயாதி என்னும் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உரியது; வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ‘தேவேந்திர’ என்னும் சொல்லில் எட்டு, நான்கு, இரண்டு என்னும் எண்கள் அமைகின்றன. திருப்பிப் படித்தால் 248. மனப்பாடம் செய்தற்கு எண்ணைவிடச் சொல் எளிது. பத்தி நூலிலும் இம்முறை புகுந்தது. மேற்பத்தூர் நாராயண பட்டதிரி 1586-இல் நிறைவு செய்த நாராயணீயத்தின் இறுதித் தொடர் நீண்ட வாழ்வையும் நோயின்மையையும் நலத்தையும் வேண்டுவது. அதன் எழுத்துக்களை எண்ணாகப் படித்தால் 17,12,210 வரும். நூல் முடிந்த கலிநாள் அதுவே. வேண்டுதலே நாட்குறிப்பாகவும் நின்றது.

சோழிகளும் கருங்கற்றூணும்

கிழக்கிந்தியக் கும்பினியார் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வு நிலையம் நிறுவினர். அதனை அமைத்த மைக்கேல் டாப்பிங் என்பவரே நில அளவைப் பள்ளி தோன்றுதற்கும் காரணராயிருந்தார். கருவியைத் தாங்கிய கருங்கற்றூண் ஒன்று நுங்கம்பாக்கத்தில் இன்றும் உள்ளது. ஆசியாவில் கணிதக் கலைகள் ஆங்கிலேயரின் வண்மையால் முதன்முதல் நடப்பெற்ற காலத்தை ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறிக என்னும் கருத்து அதிற் பொறிக்கப்பெற்றுள்ளது. தமிழிலும் அக்கருத்து எழுதப்பட்டுள்ளது. அது பொறிக்கப்பெற்ற காலத்தில், அத்தூணைச் சூழ்ந்த ஊர்களிலெல்லாம் கோயிற் பஞ்சாங்கங்கள் ஆரியபடரின் எண்ணைக் கொண்டே கணிக்கப்பெற்று வந்தன. தூணைப் பொறித்தோர் அதனை உசாவிலர்.

உசாவினார் ஒருவர் பின்னர் வந்தார். ஜான் வாரன் என்பார் 1805 முதல் சில ஆண்டுகள் அந்நிலையத்தின் பொறுப்பேற்றிருந்தவர். நம் நாட்டுக் காலக்கணக்கைப் பற்றிக் கால சங்கலிதம் என்னும் நூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரை அவர் கண்டார். அக்கணிதர் ஏடும் எழுத்தாணியும் கொள்ளவில்லை. தரையிற் சோழிகளைப் பரப்பி, மனத்திற் பதிந்த வாக்கியங்களைக் கொண்டு, 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே வேறுபட்டன. பல நூற்றாண்டுகளுக்கு முன் அமைத்த எண்கள், கருவி ஏதுமின்றி, ஒரு மனிதன் நினைவின் வழியே இவ்வளவு அணுக்கமாக வந்து நின்றது பெருவியப்பு. வாரன் எழுதிய குறிப்புக்களை ஆராய்ந்த ஆட்டோ நியூகபௌர் என்னும் வரலாற்றறிஞர், 1952-இல் ‘தமிழ் வானியல்’ என்னும் பொருளில் கட்டுரை வரைந்து உலகறியச் செய்தார்.

ஆயினும் இவ்வரலாற்றில் வருந்தத்தக்க ஒன்றும் உண்டு. அக்கணிதர் எண்களை அறிந்திருந்தார். அவை எழுந்த காரணத்தை அறிந்திலர் என வாரன் குறித்தார். வாக்கியம் வாயில் நின்றது. அதன் பொருள் நழுவிற்று. காரணம் அறியாதவன் கணிக்கலாம், திருத்த இயலாது. 4 நிமிடமாகத் தொடங்கிய வேறுபாடு 52 நிமிடமாக முடிந்தபோது, அதனைச் செப்பம் செய்தற்குரிய வழி அவர் கையில் இல்லை.

அப்பொருளை மீட்கும் பணி மயிலாப்பூரில் நிகழ்ந்தது. வாக்கிய கரணத்தைச் சுந்தரராசரின் உரையோடு தி.சா. குப்பண்ண சாஸ்திரியாரும் கே.வி. சர்மாவும் பதிப்பிக்க, குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் 1962-இல் வெளியிட்டது. எண்கள் எவ்வாறு எழுந்தன என்பதை அதன்பின் எவரும் ஆராய்ந்து தெளிய இயன்றது.

வேறுபாடு எங்கிருந்து வந்தது

இக்காலத்து அளவையால் விண்மீனை நோக்கிய ஆண்டின் நீளம் 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. ஆரியபடர் அளவு இதனின் 3 நிமிடம் 20 விநாடி மிகுதி. அஃதாவது 200 விநாடி. நாளொன்றுக்கு 86,400 விநாடி ஆதலின், 432 ஆண்டுக்கு ஒரு நாள் பிழை சேரும். யுகத்தின் எண்ணாகிய 432 இங்கும் தோன்றுதல் தற்செயலே. அதற்கு மறைபொருள் கற்பித்தல் வேண்டா. கி.பி. 499 முதல் இன்றுவரை சேர்ந்த மிகுதி ஏறத்தாழ மூன்றரை நாள்.

பருவத்தை நோக்கிய ஆண்டு இன்னும் குறுகியது: 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. ஆகவே நம் சித்திரைப் பிறப்பும் தைப் பிறப்பும் பருவத்தினின்று அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்னே நகர்கின்றன. விவேகானந்த அடிகள் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இந்நூற்றாண்டில் அது ஜனவரி 14 அல்லது 15-இல் வருகின்றது. ஆரியபடர் காலத்தில் இரவும் பகலும் ஒத்த நாளை ஒட்டியிருந்த மேடப் பிறப்பு, இக்காலத்தில் அந்நாளுக்கு மூன்று வாரத்துக்கு மேற்பட்டு ஏப்ரல் 14-ஐ ஒட்டி நிகழ்கின்றது.

கோள்களின் கணக்கில் வேறுபாடு மிகுதி. சனிப் பெயர்ச்சி 2023-ஆம் ஆண்டில் திருக்கணிதப்படி ஜனவரி 17-இல் நிகழ்ந்தது. வாக்கியப்படி டிசம்பர் 20-இல் நிகழ்ந்தது. திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழா அந்நாளிலேயே நடைபெற்றது. ஒரே கோள், ஒரே வானம். பதினொரு திங்கள் இடைவெளி. நேர்த்திக்கடன் செலுத்த வரும் எளிய அன்பர்கள் எது உண்மை நாள் என மயங்குகின்றனர். வாக்கியம் முனிவர் வாக்கு, அதனைத் தொடல் பாவம் என்பார் ஒருசாரார். வாக்கியம் பழமை, அதனை விடுக என்பார் மற்றொருசாரார். இருசாராரும் எண்ணின் வரலாற்றை நோக்குவாராயின் இவ்வாறு கூறார்.

திருத்துதலே நம் மரபு என்பதற்குச் சான்றுகள் பல. மலையாள நாட்டில் நிளையாற்றங்கரையில் வாழ்ந்த பரமேசுவரர், ஐம்பத்தைந்து ஆண்டுகள் கிரகணங்களையும் கோள்களையும் நேரிற் பார்த்து, 1431-இல் திருக்கணிதம் என்னும் முறையை நிறுவினார். திருக்கு என்பது பார்வை. கண்ணால் கண்டதற்குக் கணிதம் ஒத்திருத்தல் வேண்டும் என்பதே அப்பெயரின் பொருள். திருக்கணிதம் மேனாட்டாரிடமிருந்து வந்தது என எண்ணுவோர் இதனை அறிதல் நன்று. சந்திர வாக்கியங்களையே சங்கமகிராமத்து மாதவர் இன்னும் நுண்ணியவாகப் புதுக்கினார். நுங்கம்பாக்கத்து நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர்; பார்வைக்கு ஒத்த பஞ்சாங்கத்தை அச்சிட்டுப் பரப்ப முயன்றவர். விடுதலைக்குப்பின் மேகநாத சாகாவைத் தலைவராகக் கொண்டு 1952-இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955-இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி வழக்கிற்கு வந்தது.

கலியின் தொடக்கமும் கணிதத்தால் பின்னோக்கிச் சென்று கண்டதேயாகும். கி.மு. 3102-இல் கோள்கள் அனைத்தும் ஒரு புள்ளியில் நின்றன எனக் கொண்டனர். இக்காலக் கணிதப்படி, அவை வானின் ஒரு பகுதியில் அணிமையாக நின்றனவேயன்றி ஒரே புள்ளியில் நிற்கவில்லை. இதனால் கலிக்கணக்கின் மதிப்புக் குறைவதில்லை. அளப்பதற்கு ஒரு முனை வேண்டும். அம்முனையை ஐயாயிரம் ஆண்டுக்கு அப்பால் நட்டனர். நட்ட முனை அசையாதிருத்தலினாலேயே, அதன்மேல் எழுந்த அளவையின் பிழைகளைப் பின்வந்தோர் கண்டு சொல்ல முடிந்தது.

காலத்தைக் கடந்தவன்

இக்கணக்கைச் சைவநூல் நெறியில் வைத்து நோக்குதல் பொருத்தம். தத்துவங்கள் முப்பத்தாறனுள் காலமும் ஒன்று. அது மாயையின் காரியம். நியதி, கலை, வித்தை, அராகம் என்பவற்றோடு எண்ணப்பெறுவது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூவகைப்பட்டு உயிர்களின் வினைநுகர்ச்சியை வரையறுப்பது. தோற்றமுடையது காலம்; ஆதலின் அளவைக்கு உட்பட்டது. சிவபெருமானோ அதற்கு அப்பாற்பட்டவன். கடவூரில் காலனை உதைத்த திருவடியையுடையவன்.

இதனின் விளங்குவது ஒன்று. எண்ணிக்கை காலத்தைச் சார்ந்தது. வழிபாடு காலங்கடந்த பொருளைச் சார்ந்தது. எண்ணிற் பிழை கண்டு திருத்துவது வழிபாட்டிற் பிழை காண்பதாகாது. எண்ணையே கடவுளாக்கி, அதனைத் தொடலாகாது என்பது தத்துவத்தைத் தலைவனாகக் கொள்ளும் மயக்கம். அவ்வாறே, மூன்றரை நாள் பிழைத்தது என்று பழைய எண்ணை இகழ்வதும் நன்றியன்று. கருவியில்லாக் காலத்தில், ஆண்டின் நீளத்தை 200 விநாடிக்குள் கண்டு கூறிய அறிவு அது. அதன் மீதிகளைக் கொண்டே தலைமுறை தலைமுறையாகத் தமிழகத்துக் கொடிகள் ஏறின, தேர்கள் ஓடின.

ஆகவே திருக்கோயிற் பெருமக்கள் செய்யத்தக்கன இரண்டு. தத்தம் கோயிலின் வழக்குப்படி எப்பஞ்சாங்கத்தைக் கொள்ளினும், அதன் கணக்கு இன்னது, பிறிதோடு இத்துணை வேறுபாடுடையது என்பதை அன்பர்க்கு எடுத்துச் சொல்லுதல் ஒன்று. சோழி பரப்பிக் கணித்த அப்பெரியாரின் நினைவாற்றலோடு, அவர் பெறாது போன காரண அறிவையும் இளைஞர்க்குக் கிடைக்கச் செய்தல் மற்றொன்று. ஆகமப் பாடசாலைகளில் ஓதும் சிறார், ஒருமுறையேனும் ஒரு கலிநாளைத் தாமே வகுத்து மீதி காண்பாராக; அம்மீதி வானத்தோடு ஒத்துள்ளதா என இரவில் அண்ணாந்து நோக்குவாராக. கோட்டூர்புரத்துக் கோளரங்கத்தின் மாடம் அதற்கு ஒரு துணை. மேலே விரிந்த வானம் முதற்றுணை.

ஆரியபடர் 157,79,17,500 என்று எழுதியது பிறர் அஞ்சி நிற்றற்கு அன்று, எண்ணிப் பார்த்தற்கு. எண்ணிப் பார்ப்போர் உள்ளவரை அவ்வெண் வாழும். குடமுழுக்குக் காணும் அன்பர் அனைவரும், அளந்தறியும் காலத்தை அறிவால் போற்றி, அளவிறந்த பெருமானை அன்பால் போற்றி, எல்லா நலனும் எய்தி வாழ்க!

திருச்சிற்றம்பலம்.